கரிசல் மண்ணில் டிஷ் நட ரூ.14,500 வாங்கிக்கொண்டு கைவிட்டார்கள்: எச்சரிக்கை

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமியில் டி.வி. டிஷ் நட நினைப்பவர்கள், பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எப்படி நட்டால் நிற்கும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது ஓட்டு வீடு. மாடி இல்லாததால் தரையில்தான் கம்பம் நட வேண்டும். அடைமழையிலும் படம் அறுபடாமல் வர வேண்டும் என்பதற்காக, எட்டு அடி சி-பேண்ட் (மழை அவ்வளவாகத் தடுக்காத அலைவரிசை) டிஷ் ஒன்றை, நட்டுக் கொடுக்கும் கூலியும் சேர்த்து 14,500 ரூபாய்க்கு டவுனில் உள்ள ஒரு டிஷ் கடையில் பேசி முடித்தோம். சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நட வந்தவர் வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்தார்; மண்கட்டி ஒன்றை எடுத்துக் கையில் நொறுக்கினார். "கரிசக்காட்டுல நாங்க நட்ட கம்பம் ஒண்ணுகூட சாஞ்சதில்லண்ணாச்சி, அஞ்சு வருசத்துக்கு நான் பொறுப்பு" என்றார். மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பேசுகிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அந்த ஒரு சொல்லுக்காகவே 14,500 ரூபாயையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். ஆனால் அவர் வெட்டிய குழி இரண்டடிதான். கம்பி இறங்கிய ஆழத்தில் பாதிகூட இல்லை.

கரிசல் களி, நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் கட்டி அந்த அசைவோடு சேர்ந்தே எழும்பும், சாயும். ஐப்பசி மழை பிடித்ததும், தாழ்வாரத் தண்ணீர் விழுகிற பக்கம் மண் உப்பிக் கட்டியைத் தூக்கிவிட்டது. கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் கம்பத்தின் சாய்வு பளிச்சென்று தெரிகிறது. இந்த அளவு டிஷ்ஷுக்குப் பார்வை, அதாவது சிக்னலைப் பிடிக்கும் கோணம், ஏறக்குறைய இரண்டு பாகை (டிகிரி) அகலந்தான், ஒரு பாகை விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த செய்தி. படம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு வரவே இல்லை.

கடைக்குப் பேசினால், "மழை விடட்டும்" என்றார்கள். மழை விட்டபின், "ஆள் ஊரில் இல்லை" என்றார்கள். நேரில் போய் நின்றபோது, கல்லாவில் இருந்தவர் ரசீதைத் திருப்பிக் காட்டி, "வாரண்டி டிஷ்ஷுக்கும் எல்.என்.பி.க்கும் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) தான், உங்க மண்ணுக்கு நாங்க என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு, நிமிர்த்திக் கொடுக்க இன்னும் 3,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஐந்து வருடத்துக்குப் பொறுப்பேற்றவரோ அதே கடையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். 14,500 ரூபாய் எங்கள் வீட்டில் சாதாரணத் தொகை அல்ல.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. கரிசலில் வீடு கட்டுவோர், அடியில் குமிழ்போல் விரிந்த துளைத்தூண்களை மூன்றரை மீட்டர் வரை இறக்குகிறார்கள். டிஷ்ஷுக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும், வெடிப்பு போகும் ஆழத்தைத் தாண்டாத குழிக்குச் சம்மதிக்காதீர்கள். தாழ்வாரத் தண்ணீர் விழும் இடத்தில் நடவே விடாதீர்கள். உறுதியான சுவர் இருந்தால் அதிலேயே பொருத்தச் சொல்லுங்கள். கம்பம் சாய்ந்தால் யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு மழைக்காலம் கழியும்வரை பாதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுக்கப் போகிறேன்.