கல்லை விட்டுச் சந்தைப் பார்த்தவர்

இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் ஒரு பழைய செங்கல் வீடு வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏஜெண்ட் விளம்பரத்தில் ‘1690-களின் செங்கல் காட்டேஜ்’ என்று போட்டிருந்தார்கள். நாங்களும் வருகிறவர்களிடமெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் குளிர்காலத்திலேயே பின்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவர் வந்தார். பத்து நிமிஷம் ஈரம் காட்டும் மீட்டரைச் சுவரில் குத்திப் பார்த்துவிட்டு, வரிசையாக ஓட்டை போட்டு ரசாயனம் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அப்பா கொத்தனார். “கல்லைப் பார்க்காதே, சந்தைப் பார்” என்பது அவர் வழக்கம். சந்து என்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காரை வைத்த இடைவெளி. சந்தைப் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடியபோதுதான், பழைய கட்டடங்களின் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை தருகிற ஒருவர் கிடைத்தார். வீட்டில் அரை நாள், பிறகு எழுத்தில் அறிக்கை, கட்டணம் 475 பவுண்ட்.

வந்தவர் உடனே உள்ளே வரவில்லை. தெருவிலேயே இருபது நிமிஷம் நின்றார். எங்கள் முகப்பு ஃப்ளெமிஷ் பாண்ட் என்கிற கல் அடுக்கு. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல் நீளவாட்டில், அடுத்த கல் தலை மட்டும் தெரியும்படி. ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் அந்தத் தலைக்கல் உள்பக்கம் வரை ஓடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் சுவரில் ஓடவில்லை. மின் மீட்டர் பெட்டிக்காக யாரோ எப்போதோ உடைத்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார்: தலைக்கல் எல்லாமே பாதியாக உடைத்துச் செருகியவை. அதற்குப் பின்னால் விரல் நுழைகிற சந்து, அப்புறம் மரம். பிறகு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். வெள்ளையடித்து மறைத்திருந்த ஓக் தூண் ஒன்று, ஆப்பு அடித்த துளைகளோடு நின்றது. ஆக, நான் வாங்கியது மரச்சட்ட வீடு. செங்கல் பிற்காலத்தில் மாட்டிய சட்டை.

சட்டை எப்போது மாட்டியது? 1784-இல் அமெரிக்கப் போர்ச் செலவை ஈடுகட்டச் செங்கல்லுக்கு வரி போட்டார்கள். எண்ணிக்கைக்குத்தான் வரி என்பதால் சிலர் கல்லைப் பெரிதாக அறுத்தார்கள். 1803-இல் 150 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு வரியை இரட்டிப்பாக்கினார்கள். 1850-இல் வரியே போய்விட்டது. அப்படியானால் கல்லை அளந்தே வயசு சொல்லிவிடலாமே என்றேன். அளவு ஊருக்கு ஊர் மாறும், அதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் நம்பியது பக்கச் சுவரை. புகைபோக்கி இருப்பதால் அது ஆதியிலேயே செங்கல்லாம். அதில் சரிவு அதிகமான ஒரு சாய்கோடு. கோட்டுக்குக் கீழே மெல்லிய கல், மேலே பருத்த கல். கூரை வேய்ந்திருந்த காலத்துச் சரிவு அது. தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்பதால் வைக்கோல், நாணல் கூரைகளுக்கு அவ்வளவு சரிவு வேண்டும். ஸ்லேட் பலகைக்கு வேண்டாம். சுவரை உயர்த்தி, சரிவைக் குறைத்து, மாடியில் நிமிர்ந்து நிற்க இடம் பண்ணியிருக்கிறார்கள். முகப்பும் அதே கையோடு நடந்த வேலை என்பது அவர் முடிவு.

மாடியில் அடைத்த சன்னல் ஒன்று உண்டு. சன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கதை சொல்லியிருந்தார். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது நிஜம்தான். ஆனால் 1825-க்குப் பிறகு எட்டுக்குக் குறைவாகச் சன்னல் உள்ள வீடுகளுக்கு விலக்கு. எங்களுக்கு மொத்தமே ஆறு, ஆகவே அதற்குப் பிறகு வரிக்காக அடைத்திருக்க வேண்டியதில்லை. ஏணி போட்டு ஏறி, அடைப்பிலும் சுற்றுச் சுவரிலும் ஒரே சுண்ணாம்புக் காரை, ஒரே மணல் என்று காட்டினார். கட்டும்போதே முகப்பின் சமச்சீருக்காக வைத்த பொய்ச் சன்னல்! நல்ல கதை ஒன்று போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஓதத்துக்கும் பதில் சந்தில்தான் இருந்தது. பின்சுவரின் சுண்ணாம்புச் சந்துகளை யாரோ சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். உள்ளே போன ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் கல்லிலேயே தங்கி, உறைபனியில் கல்லின் முகம் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. சாவியால் தட்டினார், என் கண்ணெதிரே ஒரு சில்லு விழுந்தது. போதாக்குறைக்கு, கொல்லையில் போட்ட கான்கிரீட் தரை வீட்டுத் தரையைவிட உயரம். தரையைத் தாழ்த்தி, சிமெண்டைச் சுரண்டி, சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். சர்வேயர் சொன்ன ரசாயன ஊசி வேண்டாம் என்றார்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை எட்டாவது வாரம் வந்தது. படங்கள் இருட்டு. தரைப்படம் கேட்டால் அது தனிக் கட்டணம், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? மரச்சட்டத்துக்கு ‘17-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். சரியான வருஷம் வேண்டுமானால் மரத்தின் ஆண்டு வளையங்களின் அகலத்தை ஆய்வகத்தில் அளந்து ஒப்பிட வேண்டும், எல்லா மரத்திலும் அது பலிக்காது என்று முன்பே சொன்னதால் அதை நான் குறையாக எடுக்கவில்லை. பரணைப் பார்க்காமல் போனதுதான் எரிச்சல். கொண்டுவந்த ஏணி எட்டவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பின்சுவரில் இதுவரை நாலு மீட்டர் சுரண்டிச் சுண்ணாம்பு வைத்தாயிற்று. பரணுக்கு நீள ஏணியோடு இன்னொரு நாள் வருகிறேன் என்றிருக்கிறார், கட்டணம் இல்லாமல். வந்தால் இதே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன்.