ஏற்காடு இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துவது நியூட்ரலா, கியரா?

சேலம் நகரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடையும் கார், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் கொண்டுசேர்க்க மட்டும் சுமார் 14 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 32 மெகாஜூல் அளவுதான். அதிலும் கால் பங்கே சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், அந்த ஏற்றம் ஒன்றே முக்கால் லிட்டரை விழுங்கிவிடுகிறது. இறங்கும்போது அதை ஈடுகட்ட வேண்டும் என்றுதான் பலர் நியூட்ரலில் உருட்டுகிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகளின் காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கியரில் இறங்கினாலும் சுழலும் எஞ்சின், கார்புரேட்டர் வழியே சிறிதளவு பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. ஆனால், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு விற்பனைக்கு வந்த பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளிலும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கார்களிலும் உள்ளது, பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஐடிலிங் அளவுக்கு இறங்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ, எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கவே பெட்ரோல் எரிய வேண்டும். முக்கால் மணி நேர இறக்கத்தில் அது சிறிய காரிலும் கால் லிட்டரைத் தாண்டலாம். எஞ்சினை அணைத்து உருட்டுபவர் மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதியை, இரண்டாவது கியரில் நிதானமாக இறங்குபவரும் எந்த ஆபத்துமின்றிப் பெற்றுவிடுகிறார்.

ஆபத்து என்று சொல்வது மிகையல்ல. எஞ்சின் அணைந்த வண்டியில் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கட்டையாகிவிடும்; பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். நியூட்ரலில் வரும் வண்டியிலோ முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. அடிவாரத்தை நெருங்கும் வளைவுகளில் பிரேக் தீய்ந்த வாடை வரும்போதெல்லாம், அந்த வண்டியின் பின்னிருக்கையில் குழந்தைகளோடு வரக்கூடிய குடும்பத்தை எண்ணி என் மனம் பதைக்கிறது.

ஏசியா, திறந்த ஜன்னலா என்ற கேள்விக்கு மலையில் ஒரு விடை, சமவெளியில் வேறு விடை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் திறந்த ஜன்னலால் காற்றுத் தடை கூடுவது பொருட்படுத்தத்தக்கதல்ல; பாதி மலை ஏறியதும் குளிர்ந்த காற்று வந்துவிடுவதால் ஏசியை அணைப்பதே இலாபம். பெங்களூரு நான்குவழிச் சாலையில் எண்பதைத் தாண்டி ஓடும்போது அந்த இலாபம் பெரிதும் கரைந்துவிடுகிறது.

அதிக ஆக்டேன் கொண்ட விலை உயர்ந்த பெட்ரோலை மலை ஏறுவதற்கென்றே போடுபவர்களும் உண்டு. ஆக்டேன் என்பது பெட்ரோல் நேரம் தவறி எரிந்து எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கான அளவே தவிர, கூடுதல் ஆற்றல் அல்ல. சாதாரண பெட்ரோலுக்கென வடிவமைத்த எஞ்சினுக்கு அதனால் சொல்லத்தக்க பயன் இல்லை. அதிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் அப்படித்தான்: பங்க்கின் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் பெட்ரோலின் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. அதிகாலையில் செய்யத்தக்க வேலை, டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபார்ப்பதுதான். டிக்கியிலிருந்து ஐம்பது கிலோவை இறக்கினால் ஏற்றத்தில் எழுபது மில்லி அளவு மிஞ்சும். எஞ்சினை அணைக்க விரும்புபவர்கள், விடுமுறை நாட்களில் ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடமின்றி வரிசையில் நிற்கும்போது அணைக்கலாம்.