அலமாரிக்குள் பத்து வருஷம்: ஹன்டர் செமியோனா, கூனவாரா கேபர்னேயா, ரியோஹாவா?

வருஷக்கணக்கில் வைத்திருந்து குடிக்க ஒயின் வாங்குவதற்கு எனக்கு நிபந்தனைகள் மூன்று. பாட்டில் 30 டாலரை ஒட்டி இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் கையைக் கடிக்கும். 8, 10 வருஷம் கழித்துத் திறக்கும்போது வாங்கிய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும், வெறுமனே கெடாமல் இருந்தால் போதாது. நிலவறை என்று ஒன்று இல்லாத வீட்டில் அத்தனை வருஷமும் தாக்குப்பிடிக்க வேண்டும். சிட்னியின் மேற்குப் புறநகரில் குடியிருப்பவனுக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் தலைவலி. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. தகரக் கதவு போட்ட கராஜில் ஒயினை அடுக்கி வைக்கும் யோசனை அன்றோடு எனக்குப் போயிற்று.

கடைசிவரை போட்டியில் நின்றவை மூன்று: ஹன்டர் பள்ளத்தாக்கின் வெள்ளை ஒயினான செமியோன், தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாராவில் விளையும் சிவப்பு ஒயினான கேபர்னே சாவின்யோன், ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயின். நான் செமியோன் கட்சி. இதைப் படிக்கும்போது அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் ஒயினில் பெரும்பாலானவை ஓரிரு வருஷத்துக்குள் குடிப்பதற்காகச் செய்தவை. அவற்றை வைத்திருந்தால் வயசாகுமே தவிர முதிராது. இருட்டு வேண்டும், வெப்பம் 12 முதல் 15 டிகிரிக்குள் அதிகம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கினால் அதன் விலையையும் மின்கட்டணத்தையும் பாட்டில்களின் தலையில் ஏற்றிக் கணக்குப் போட வேண்டும். 15 டாலர் ஒயினை ஃபிரிட்ஜில் 10 வருஷம் வைத்தால் அது 15 டாலர் ஒயின் இல்லை.

சரி, செமியோன்.

சிட்னியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம் ஹன்டர். வெக்கையும் ஈரமுமான ஊர். திராட்சை பழுக்கிற நேரம் பார்த்து மழை வந்து நிற்கும். அதனால் ஜனவரியிலேயே, சர்க்கரை ஏறுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். ஒயினில் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். புளிப்பு மட்டும் கூராக நிற்கும். மரப்பீப்பாயில் வைப்பது வழக்கமில்லை. புதிதாக வாங்கிக் குடித்தால் தண்ணீர் நிறத்தில், எலுமிச்சையைப் பிழிந்து விட்ட மாதிரி இருக்கும். சிப்பிக்கும் இறாலுக்கும் அது அருமை. தனியாகக் குடித்தால் ‘இதற்கா இத்தனை பேச்சு?’ என்று கேட்கத் தோன்றும். மூன்றாவது, நான்காவது வருஷத்தில் இன்னும் மோசம். இளமையின் துள்ளலும் இல்லாமல் முதிர்ச்சியும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். பலர் அந்தக் கட்டத்தில் திறந்து பார்த்துவிட்டுக் கைகழுவிவிடுகிறார்கள்.

ஏழெட்டு வருஷம் தாண்டியதும் கதை மாறுகிறது. நிறம் பச்சை சாயல் மாறாமலே பொன்னிறத்துக்கு வரும். வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டியின் வாசம், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் தேன். இந்த வாட்டிய வாசத்தை மோந்தால் பீப்பாயில் வைத்திருப்பார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். அத்தனையும் பாட்டிலுக்குள் நடந்தது. புளிப்பு அப்போதும் முதுகெலும்பாக நிற்பதால் ஒயின் தொய்வதில்லை. வறுத்த கோழிக்கும் மீன் வறுவலுக்கும் நன்றாகப் போகிறது. புளிக்குழம்பு பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இரண்டு புளிப்பும் மோதிக்கொள்ளும்.

இவ்வளவு மாறுகிற ஒயின் ஏன் மலிவு? ஊரே நியூசிலாந்தின் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பின்னால் போய்விட்டது. செமியோனுக்கு மவுசு இல்லை. டிரெல்ஸ், மவுன்ட் பிளசன்ட் போன்ற பழைய பெயர்களின் சாதாரண வரிசைச் செமியோனே என் வரம்புக்குள் கிடைக்கிறது. அதே நிறுவனங்களின் உச்சிப் பாட்டில்கள், அதாவது டிரெல்ஸின் வாட் 1, 1946-ல் நட்ட லவ்டேல் தோட்டத்து ஒயின் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் பத்து வருஷத்தில் எவ்வளவு மாற்றம் கிடைக்கிறது என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து இதற்குப் பக்கத்தில் வருபவை குறைவு.

பக்கத்தில் வருவது தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர், ஈடன் பள்ளத்தாக்குகளின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். விலையும் அதே, ஆயுளும் அதே. அது முதிரும்போது சில பாட்டில்களில் ஒரு தனி வாசம் தலைதூக்கும். நல்ல வெயில் கண்ட திராட்சையில் இது அதிகம். ரசிகர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் ஒன்றைத் திறந்தபோது மனைவி மோந்து பார்த்துவிட்டு, “என்னங்க, கிருஷ்ணாயில் வாசம் அடிக்குது?” என்றாள். சரியான வார்த்தை அதுதான். அதோடு ரீஸ்லிங்கை நான் குறைத்துக்கொண்டேன். உங்கள் மூக்குக்கு அது பிடித்தால், கீழே செமியோனுக்குச் சொல்வதெல்லாம் ரீஸ்லிங்குக்கும் பொருந்தும்.

என் மச்சான் மெல்பர்னில் இருக்கிறார், கூனவாரா கட்சி. “வெள்ளை ஒயினப் போயி யாராவது பத்து வருஷம் பூட்டி வைப்பாங்களா மாப்ள?” என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. கூனவாரா என்பது சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த செம்மண் பட்டை. வின்ஸ் நிறுவனத்தின் பிளாக் லேபல் கேபர்னே 1954-லிருந்து அங்கே வருகிறது. கடைகளின் தள்ளுபடி நேரத்தில் என் விலைக்குள் விழும். கருந்திராட்சை, புதினா, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. வயதானால் துவர்ப்பு கரைந்து தேவதாரு, புகையிலை வாசம் வருகிறது. குறை சொல்ல முடியாத ஒயின். என்னிடமும் இருக்கிறது.

ஆனால் இது நான்கு, ஐந்து வயதிலேயே நன்றாக இருக்கிறது. 10 வருஷத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான், ஆளே மாறிப்போவதில்லை. உண்மையான மாற்றத்துக்கு 15 வருஷம் வேண்டும் என்று மச்சான் சொல்கிறார். அந்த வயதுக் கூனவாராவை நான் குடித்தது கொஞ்சம்தான், அதுவும் அவர் வீட்டுக் கையிருப்பு. ஆகவே இந்த இடத்தில் அவர் சொல்வதை மறுக்க எனக்கு அனுபவம் போதாது.

ரியோஹாவின் பலமே வேறு. அங்கே முதிர வைக்கும் வேலையை உற்பத்தியாளரே செய்து தருகிறார். சிவப்பு ரெசர்வா என்றால் விற்பனைக்கு வருவதற்குள் குறைந்தது 3 வருஷம், அதில் 1 வருஷமாவது பீப்பாயில். கிரான் ரெசர்வா என்றால் 5 வருஷம், அதில் 2 பீப்பாயில். ஃபிரிட்ஜும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். வாங்கி அன்றைக்கே குடிக்கலாம். நம்மால் வைத்துக் காக்க முடியாது என்பவர்களுக்கு இதுதான் என் பதில், மேலே படிக்கவே தேவையில்லை. நான் கேட்பது, வாங்கிய பிறகு நம் வீட்டில் இன்னும் 8 வருஷம் வைத்தால் என்ன ஆகும் என்பதை. அங்கேதான் ரியோஹா பாட்டிலின் தக்கை மூடி குறுக்கே வருகிறது.

நான் முடிவெடுத்தது இந்த ஒரு விஷயத்தில்தான்: பாட்டிலின் மூடி.

தக்கை மரப்பட்டை. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சிலவற்றில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருந்து, ஒயினுக்கு நனைந்த அட்டைப்பெட்டி வாசத்தை ஏற்றிவிடும். அது உடனே தெரிந்துவிடுவதால் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. பெரிய தொல்லை, கெடாத தக்கைகளே ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு காற்றை உள்ளே விடுவது. முதல் இரண்டு வருஷத்தில் வித்தியாசம் தெரியாது. பத்தாவது வருஷத்தில் ஒரே பெட்டியில் ஒன்று ஜொலிக்கும், பக்கத்துப் பாட்டில் சோர்ந்து கிடக்கும். எந்தக் குறையும் சொல்ல முடியாது, உயிர் மட்டும் இருக்காது. ரியோஹா பெட்டி ஒன்றில் எனக்கு இது நடந்தது. கடைக்காரரிடம் போய் என்ன கேட்பது? ரசீதே எழுத்து மங்கிப் போயிருந்தது. பாட்டிலின் விலை பெரிதில்லை. அது எட்டு வருஷம் பிடித்து வைத்திருந்த இடமும், நாம் காத்திருந்ததும் திரும்ப வராது.

இதற்கு நல்ல சாட்சி அடிலெய்டில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 1999-ம் ஆண்டின் கிளேர் பள்ளத்தாக்கு செமியோன் ஒன்றை எடுத்து, 14 விதமான மூடிகளில் அடைத்து வருஷக்கணக்கில் கவனித்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வரிசையாக நிற்கும் பாட்டில்கள், உள்ளே இருப்பது ஒரே ஒயின். திருகுமூடி போட்டது வெளிர் மஞ்சளில் அப்படியே நிற்கிறது. வரிசையில் போகப் போக நிறம் கறுத்து, சில செயற்கைத் தக்கைப் பாட்டில்களில் டீ டிக்காக்‌ஷன் மாதிரி ஆகியிருக்கிறது. வெள்ளை ஒயினில் துவர்ப்புச் சத்து மிகக் கொஞ்சம். உள்ளே வரும் காற்றைத் தாங்க அதற்குக் கேடயம் குறைவு. அதனால்தான் மூடி சிவப்பைவிட வெள்ளையில் பெரிய பஞ்சாயத்து.

திருகுமூடியும் குற்றமற்றதில்லை. அதே ஆய்வில் திருகுமூடிப் பாட்டிலில் லேசாக ரப்பர் வாசம் தெரிந்ததையும் பதிவு செய்தார்கள். காற்றே போகாமல் அடைத்தால் வரும் கோளாறு அது. அடைப்பதற்கு முன் ஒயினைச் சரியாகத் தயாரித்தால் தவிர்க்கலாம், இப்போது நான் வாங்குபவற்றில் அரிதாகத்தான் அந்த வாசத்தைப் பார்க்கிறேன்.

2000-ம் ஆண்டு அறுவடையில் கிளேர் ரீஸ்லிங்காரர்கள் பலர் சேர்ந்து ஒரேயடியாகத் திருகுமூடிக்கு மாறினார்கள். ஹன்டரும் பின்னால் வந்தது. தக்கைக் காலத்துச் செமியோன் லாட்டரிச் சீட்டு. விழுந்தால் ராஜா, விழாவிட்டால் தொட்டியில் ஊற்ற வேண்டியதுதான். இன்றைக்கு அதே ஒயின், அதே விலை, லாட்டரி மட்டும் இல்லை. ஆனால் ஏலத்தில் பழைய தக்கைச் செமியோன் மலிவாக வந்தால் ஆசைப்பட வேண்டாம்.

மூடியால் வீட்டுக்குள் வரும் சௌகரியமும் சின்னதில்லை. தக்கை காயாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்கப் போட வேண்டும். அதற்கென்று அடுக்கு வேண்டும். திருகுமூடிப் பாட்டிலை வந்த அட்டைப்பெட்டியிலேயே நிற்க வைக்கலாம். தெற்குச் சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டு போதும். இங்கே வெயில் வடக்கிலிருந்து வருவதால் தெற்குப் பக்கம்தான் குளிர்ச்சி. கவனிக்க வேண்டியது ஒன்றே: மூடியின் மேல் விளிம்பில் அடிபடக் கூடாது. அங்கே நசுங்கினால் உள்ளே இருக்கும் பட்டை விலகிக் காற்று போகும். பெட்டியை வாங்கும்போது ஒவ்வொரு மூடியையும் விரலால் தடவிப் பார்த்து, நசுங்கியதைக் கடையிலேயே மாற்றிக்கொள்கிறேன். வெயிலுக்கு மட்டும் எந்த மூடியும் மருந்தில்லை. கோடையில் 40 டிகிரி வரும் நாட்களுக்காகப் பெரும்பகுதியை ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். அலமாரியில் இருப்பவை சீக்கிரம் முதிர்கின்றன என்று நினைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஜோடிகள் குறைவு என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டியது: வின்ஸ் பிளாக் லேபலும் இப்போது திருகுமூடியில்தான் வருகிறது. எனவே மூடிக் கணக்கில் கூனவாரா தோற்கவில்லை, ரியோஹாதான் வெளியே போகிறது. மிச்சமுள்ள இரண்டில் எது என்பது, 10 வருஷத்தில் மாற்றம் வேண்டுமா, மெருகு வேண்டுமா என்ற கேள்வி. கறிக் குழம்பும் ஆட்டுக்கால் வறுவலும் அடிக்கடி சமைக்கும் வீடு என்றால் மச்சான் பக்கம் போவதில் தப்பில்லை. மறுவிற்பனை எண்ணம் இருந்தால் இரண்டுமே வேண்டாம். இந்த விலைப் பாட்டில்கள் ஏலக் கட்டணத்தில் கரைந்துவிடும்.

என் ஃபிரிட்ஜில் இப்போது மூன்றில் இரண்டு பங்கு ஹன்டர் செமியோன், மீதி கூனவாரா. ரியோஹா தேவைப்படும்போது கிரான் ரெசர்வாவாக வாங்கி அந்த வாரமே முடித்துவிடுகிறோம். செமியோனைப் பெட்டியாக வாங்கினால் ஒன்றை உடனே குடித்துவிட்டு, அடுத்ததை 6 வயதுக்கு முன் தொடுவதில்லை. பெட்டியின் மேல் திறக்க வேண்டிய வருஷத்தைத் தடித்த பேனாவால் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் விருந்தாளி வரும் ராத்திரிகளில் கை அங்கேதான் போகும். 2020 என்று போட்ட ஹன்டர் பாட்டிலைக் கண்டால் மட்டும் யாருடையது என்று விசாரித்து வாங்குங்கள். அந்தக் கோடையின் காட்டுத்தீப் புகையில் பலர் அந்த வருஷம் ஒயினே போடவில்லை.