முழுக் கண்டெய்னரா, பங்குச் சரக்கா?

திருகோணமலையில் தைத்த உடுப்பை வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்ப நினைக்கிறீர்களா? இயற்கைத் துறைமுகம் வாசலிலேயே இருந்தாலும், கண்டெய்னர் கப்பல் ஏற நம் சரக்கு லொறியில் கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

பிறரோடு ஒரே கண்டெய்னரைப் பகிர்வதுதான் பங்குச் சரக்கு. அதில் கன மீட்டரா, டன்னா, எது கூடுதலோ அதற்கே கட்டணம். உடுப்பு பாரம் குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். ஆகவே கன மீட்டர்தான் கணக்கு. இறுக்கி மடித்துப் பெட்டி கட்டினால் காசு மிஞ்சும். ஆனால் பிறர் சரக்கோடு சேர்த்து ஏற்றி, அங்கே பிரித்தெடுக்க நாள் பிடிக்கும். பக்கத்தில் கருவாடோ மிளகாயோ இருந்துவிட்டால் துணியில் மணம் ஏறிவிடும். இதை நினைத்தாலே எனக்கு மனம் பதறும்.

முழுக் கண்டெய்னர் என்றால் அது முழுவதும் நமக்கே. 20 அடிக் கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். நிரம்பாவிட்டாலும் முழுக் கட்டணம்தான். சரி, ஆனாலும் நாமே ஏற்றிச் சீல் வைத்தால், சுங்கம் திறந்தால் ஒழிய வழியில் யாரும் கைவைப்பதில்லை. 15 கன மீட்டர் தாண்டினால் நான் இதைத்தான் எடுப்பேன்.

எதில் அனுப்பினாலும் ஈரம் உறிஞ்சும் பைகளைப் போடுங்கள். இரவுக் குளிரில் கண்டெய்னர்க் கூரை வியர்த்துச் சொட்டும். துணியில் பூஞ்சணம் பிடிக்கும். மாரி காலத்தில் பெட்டி கட்டுமுன் துணி நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.