கரும்பொருள்: விம்ப்பா, ஆக்சியானா?

பிரபஞ்சத்தில் சுமார் 27 சதவீதம் கரும்பொருள்: கண்ணுக்குத் தெரியாது, ஈர்ப்பு விசையால்தான் அது இருப்பது தெரிகிறது. அது என்ன துகள்? போட்டியில் முன்னால் நிற்பவை, இன்னும் யாரும் கண்டுபிடிக்காத இரண்டு துகள்கள்: விம்ப், ஆக்சியான்.

விம்ப் (WIMP, மற்றப் பொருளோடு மிக அரிதாகவே வினைபுரியும் துகள்) கனமானது, எப்போதாவது அணுக்கருவில் மோதும் என்பது கணக்கு. அந்த மோதலுக்காக அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கத்தில் சுமார் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் 10 டன் திரவ செனான் காத்துக் கிடக்கிறது. இன்னும் சிக்கவில்லை. ஜெனீவா அருகே துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் செர்ன் ஆய்வகத்திலும் அதே கதைதான்.

ஆக்சியான் நேர் எதிர், எலக்ட்ரானைவிடப் பல கோடி மடங்கு லேசானது. (பெயர் ஒரு சலவைத்தூளிடமிருந்து கடன் வாங்கியது!) சியாட்டிலில் பலத்த காந்தப்புலத்துக்குள் ஓர் உலோகப் பெட்டியை வைத்து, ஆக்சியான் அதில் மைக்ரோவேவாக மாறுகிறதா என்று, பழைய ரேடியோவைத் திருகுவதுபோல அலைவரிசையை நகர்த்தி நகர்த்திக் கேட்கிறார்கள். துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டில், நாம் காணாத கூடுதல் பரிமாணங்களைச் சுருட்டினால் ஆக்சியான் மாதிரித் துகள்கள் தாமாகவே வந்து விழுகின்றன. அதனால்தான் எனக்கு இந்தப் பக்கம் சாய்வு.