என்ஐஓஎஸ்ஸா, ஐஜிசிஎஸ்இயா, எஸ்எஸ்எல்சியா? பெங்களூரு ஹோம்ஸ்கூல் குழுக்களுக்கு ஓர் அலசல்

பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்வரை, பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஹோம்ஸ்கூல் வீடுகளில் பாடத்திட்டம் பெரிய பேச்சாக இருப்பதில்லை. கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், கப்பன் பூங்கா நூலகம், வாரம் இருமுறை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கணக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்ற சொல் வந்ததும் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். பானஸ்வாடி, விவேக் நகர், வைட்ஃபீல்டு என்று சிதறியிருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்களிலும் அதுதான் நடந்தது.

ஒற்றைப் பிள்ளைக்கு முடிவெடுப்பது வேறு. குழுவாகப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தத் தேர்வு வழியில் போனால் பிள்ளைகள் தொடர்ந்து ஒன்றாக உட்கார்ந்து படிக்க முடியுமா? எந்த போர்டுக்கு மதிப்பு அதிகம் என்ற விவாதத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கான என்ஐஓஎஸ், ஐஜிசிஎஸ்இ, எஸ்எஸ்எல்சி என்ற மூன்று வழிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் என்ஐஓஎஸ். 1979இல் சிபிஎஸ்இயின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமாகி, நொய்டாவில் தலைமையகத்தோடு இயங்கும் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி. பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும். அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு.

குழுவுக்கு இதன் அருமை இங்கேதான். கணக்கில் வேகமாக ஓடும் பிள்ளை அதை மட்டும் இந்த அக்டோபரில் எழுதிவிடலாம். எழுதுவதற்குத் திணறும் பிள்ளை இரண்டு இரண்டு பாடமாகப் பிரித்துக்கொள்ளலாம். இருவரும் அதே மாடியில், அதே அறிவியல் பாடத்தைச் சேர்ந்தே படிப்பார்கள். தேர்வு எழுதும் தேதி மட்டும்தான் வேறு. ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என்று பாடத் தேர்வும் விரிவானது. தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோகாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். எங்கள் குழுவில் மூன்று பேர் இப்போது தமிழ்க் கட்டுரை எழுதப் பழகுகிறார்கள். பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

குறை இல்லையா? இருக்கிறது. பாடநூல்கள் வறண்டவை. தகவல் சரியாக இருக்கும், ஆனால் பிள்ளையின் ஆர்வத்தைத் தூண்டும் பக்கம் அரிது. அதனால் என்சிஇஆர்டி புத்தகத்தை முதலில் படித்துவிட்டு, கேள்வி எழுதிப் பார்க்க மட்டும் என்ஐஓஎஸ் நூலை எடுக்கிறோம். டிஎம்ஏ எனப்படும் வீட்டு ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத எடை உண்டு. ‘இதென்ன பெரிய விஷயம்’ என்று விட்டுவிடக் கூடாது. அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. ஒதுக்கப்படும் ஸ்டடி சென்டர் எப்படி அமைகிறதோ அதைப் பொறுத்து அலைச்சல் கூடலாம், குறையலாம். இன்னொன்று: கணக்கை விட்டுவிட்டும் பத்தாவது தேறலாம் என்பது சிலருக்கு வரம், ஆனால் பதினைந்து வயதில் எடுக்கும் அந்த முடிவு பொறியியல் பக்கம் போகும் கதவைச் சாத்திவிடக்கூடும். அதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டே செய்ய வேண்டும்.

அடுத்தது கேம்பிரிட்ஜ் நடத்தும் சர்வதேசத் தேர்வான ஐஜிசிஎஸ்இ. படிப்பின் தரம் என்று மட்டும் கேட்டால் மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு. மனப்பாடத்தை இது அவ்வளவாக மதிப்பதில்லை. ஒரு வரைபடத்தையோ சோதனையையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும். பழைய வினாத்தாள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தாள் எழுதும் வழி உண்டு என்பதால், சமையலறையில் சோதனை செய்து படித்த பிள்ளையும் சமாளிக்கலாம். இந்தியாவில் மார்ச், ஜூன், நவம்பர் என்று மூன்று தேர்வுக் காலங்கள். இங்கேயும் பாடங்களைப் பிரித்து எழுதலாம்.

ஆனால் தனித்தேர்வராக எழுத, சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு பள்ளி வேண்டும். இதற்காகப் பல பள்ளிகளுக்குப் போன் போட வேண்டியிருக்கும். சரி என்று சொல்லும் பள்ளியும் எல்லாப் பாடத்துக்கும் சொல்வதில்லை. கட்டணம் ஒரு பாடத்துக்கே பல ஆயிரம். குழுவில் இரண்டு குடும்பம் கட்ட முடிந்து, நான்கு குடும்பம் கட்ட முடியாமல் போனால் அங்கேயே பிளவு விழுகிறது. பிள்ளைகள் அதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் உணர்வார்கள். கணக்கில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு நிலை இருப்பதையும் கவனியுங்கள்: கோர் எழுதினால் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. 2025 முதல் கால்குலேட்டர் இல்லாமல் எழுதும் தாள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நம் ஊர் வாய்ப்பாட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சாதகம். இந்தியாவில் பத்தாம் வகுப்புக்கு இணை என்று ஏற்கப்பட, ஆங்கிலம் உட்பட ஐந்து பாடங்களிலாவது சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்.

கர்நாடக மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வான எஸ்எஸ்எல்சியைத் தனித்தேர்வராக எழுதுவது மூன்றாவது வழி. மூன்று மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், மொத்தம் 625 மதிப்பெண். தமிழை முதல் மொழியாக எடுக்க முடியும் என்பது பெரிய ஆறுதல். கன்னடம் சரளமாக எழுதும் பிள்ளை, மாநிலத்திலேயே பியூசி (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கப் போகிறாள் என்றால் செலவும் குழப்பமும் குறைந்த வழி இது. ஆனால் ஆறு பாடத்துக்கும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். ஆளுக்கொரு வேகத்தில் படித்துப் பழகிய குழுவுக்கு அது ஒத்துவராது.

எனவே எங்கள் ஏற்பாடு இப்படி. குழுவின் பொதுத்தளம் என்ஐஓஎஸ். வெளிநாட்டுப் படிப்பில் உறுதியாக இருக்கும் ஒரு பிள்ளை மட்டும் ஐஜிசிஎஸ்இ எழுதுகிறாள். வகுப்பில் அவளும் கூடவே உட்காருகிறாள். கேம்பிரிட்ஜ் பாணிக் கேள்விகளை எல்லோருக்கும் கொடுக்கிறோம், அதனால் என்ஐஓஎஸ் பிள்ளைகளும் யோசித்து எழுதப் பழகுகிறார்கள்.

‘ஓபன் ஸ்கூல் என்றால் டாக்டருக்குப் படிக்க முடியாதாமே’ என்று தாத்தா பாட்டிகள் இன்னும் கேட்கிறார்கள். 2018இல் அப்படியொரு தடை வந்தது உண்மை. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2024இல் உச்ச நீதிமன்றமும் அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதலாம் என்று தெளிவாக்கிவிட்டது. பன்னிரண்டாவதில் ஐந்து பாடம் எழுதியிருந்தால் பொறியியலுக்கான ஜேஇஇ நுழைவுத்தேர்வும் எழுதலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கர்நாடகத்தின் பொது நுழைவுத்தேர்வான கேசிஇடி பற்றித்தான். அதன் பொதுவான தகுதி விதி, கர்நாடகத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரிகளில் ஏழு கல்வியாண்டு படித்த சான்றைக் கேட்கிறது. மாநில ஒதுக்கீட்டில் பொறியியல் சீட் வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதற்கு முன்பே எத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படித்த பள்ளியிலிருந்து சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.