பைன் வேரில் வெள்ளையாக இருந்தால் எல்லாம் நோய் இல்லை

பைன் போன்சாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பல வருஷமாக வளர்த்த என் கருப்புப் பைனைத் தொட்டி மாற்றுவதற்காக ஒரு போன்சாய் பராமரிப்பாளரிடம் விட்டிருந்தேன். மரத்தை வெளியே எடுத்ததும் போன் செய்தார். "வேர் முழுக்கப் பூஞ்சை பிடிச்சிருக்கு, இப்பவே மருந்து வைக்கலைன்னா மரம் போயிடும்." நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். நான் போவதற்குள் பழைய மண் மொத்தத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வேரில் பாதியை வெட்டி, மருந்தில் முக்கி எடுத்து வைத்துவிட்டார். சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் வேறு.

கழுவுவதற்கு முன் அவரே எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது நோயே இல்லை. பைன் வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா என்ற நல்ல பூஞ்சை அது. மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரஸ் போன்ற சத்துகளையும் மரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். வேர் நுனிகள் குட்டையாக, கவட்டை போல இரண்டாகப் பிரிந்து, மெல்லிய வெள்ளை நூல் படர்ந்திருக்கும். முகர்ந்தால் காளான் வாசனை வரும். பைன் வளர்ப்பவர்கள் தொட்டி மாற்றும்போது இந்த மண்ணில் கொஞ்சத்தை எடுத்துப் புது மண்ணில் கலப்பார்கள். அப்படிப்பட்டதை என் மரத்திலிருந்து சுத்தமாகக் கழுவிவிட்டார்கள்.

வேரழுகல் பார்க்கவே வேறு மாதிரி. வேர் பழுப்பாக, கருப்பாகக் குழைந்திருக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நார் மட்டும் மிஞ்சும். நாற்றம் அடிக்கும். வெள்ளை நூலாக இல்லாமல் பஞ்சு உருண்டையாக இருந்தால் வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம், லென்ஸ் வைத்தால் பூச்சி தெரியும்.

என்ன மருந்து என்று கேட்டதற்கு, "எங்க சொந்தக் கலவை, எல்லா பூஞ்சைக்கும் கேட்கும்" என்று லேபிள் இல்லாத பாட்டிலைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் கேட்கும் மருந்து கிடையாது. வேரழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான பித்தியம், பைட்டோப்தோரா என்ற கிருமிகள் உண்மையான பூஞ்சைகளே அல்ல. பரவலாக விற்கும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அவற்றை ஒன்றும் செய்யாது, மெட்டலாக்ஸில் போன்ற மருந்துகள் வேண்டும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் சொல்லாதவர் கையில் மரத்தைக் கொடுக்காதீர்கள். மண்ணைக் கழுவும் முன் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வேர் செத்த பிறகும் பைன் ஊசியிலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் "எங்ககிட்ட இருந்து போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று இவர்களால் சொல்ல முடிகிறது. என்னிடமும் அதையேதான் சொன்னார், கிளைகள் பழுப்பான பிறகு. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன்.

உங்கள் மரத்துக்கும் இப்படி நடந்திருந்தால், உச்சி வெயிலும் காற்றும் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தொட்டியில் மரம் ஆடாதபடி கம்பியால் கட்டுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம், மண்ணை ஈரமாக ஊற விடவும் வேண்டாம். ஆரோக்கியமான பைன் வைத்திருப்பவரிடம் ஒரு பிடி பழைய மண் கேட்டு வாங்கி மேலே தூவுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கீழ்க்கிளை ஒன்றில் மட்டும் இன்னும் பச்சை இருக்கிறது.